கோணலாகச் சுட்டவர்

1943 ஜூலையில் கிரேஃபின் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் மூன்றாவது ரோந்துக்குக் கிளம்பியபோதே, அதன் தளபதி ஆர்லோ பென்ரோஸின் இடத்துக்கு பேர்ல் ஹார்பர் தளத்தில் ஆள் பார்த்து வைத்துவிட்டார்கள். மர்ரே கிளேட்டன் என்று பெயர். முதல் இரண்டு ரோந்துகளிலும் பென்ரோஸ் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. இவருக்குக் குறி தவறுகிறது என்று மேலிடம் எழுதிவிட்டது. இந்த முறையும் வெறுங்கையோடு திரும்பினால் கிளேட்டன் ஏறுவார், பென்ரோஸ் இறங்குவார்.

குறி தவறுகிறதாம்! பயிற்சிப் பள்ளியில் மூன்று வருடம், நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோ பற்றிப் பாடம் நடத்திய மனிதர் அவர். எதிரிக் கப்பலின் விலாவில் நேர்செங்குத்தாகப் போய் முட்ட வேண்டும், இம்மிகூடச் சாயக் கூடாது என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தவர். அவரிடம் படித்துத் தேறியவர்கள் பாதிப் பேர் இப்போது இதே பசிபிக்கில் திரிந்துகொண்டிருந்தார்கள்.

பலாவ் தீவுகளுக்கு மேற்கே ஒரு ஜப்பானியச் சரக்குக் கப்பல் அகப்பட்டது. பென்ரோஸ் நூல் பிடித்த மாதிரி நான்கு டார்பிடோ விட்டார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நீருக்கடியில் ஒலி கேட்கும் டெல்மர் ஹூப் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினான்.

"முட்டுது கேப்டன். டங்குன்னு சத்தம் கேக்குது. வெடிக்க மாட்டேங்குது."

கப்பல் திரும்பி ஓட்டம் பிடித்தது. ஆத்திரத்தில் பென்ரோஸ் ஐந்தாவதைக் கன்னாபின்னாவென்று விட்டார். அது வால்பக்கம் உரசி, வெடித்துத் தொலைத்தது. ஆனாலும் கப்பல் நொண்டிக்கொண்டே மழைக்குள் புகுந்து தப்பிவிட்டது.

மதியம் சாப்பாட்டு மேஜையில் பென்ரோஸ் காபியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைவசம் மூன்றே டார்பிடோ மிச்சம். எதிரே துணைத் தளபதி ஸ்டான்டன் ஆப்பிள் பலகாரத்தை வெட்டி விழுங்கிக்கொண்டிருந்தார்.

"நான் நல்லா சுட்டது நாலும் வெடிக்கல. கேவலமா சுட்ட ஒண்ணுதான் வெடிச்சுது," என்றார் பென்ரோஸ்.

"அப்ப கேவலமாவே சுடுவோம் கேப்டன். அதுக்கு என்னை மாதிரி ஆள் கிடைக்குமா?"

மேஜையே சிரித்தது. பென்ரோஸ் சிரிக்கவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு டார்பிடோ அறைக்குப் போனார். நேராக முட்டும்போது டார்பிடோவின் மூக்கிலுள்ள ஊசி, வெடி பற்றுவதற்குள் நசுங்கிவிடுகிறதோ, சாய்வாக முட்டினால் தப்பிக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. நிரூபிக்க வழியில்லை. ஆனால் அது சரியென்றால் மூன்று வருடம் அவர் நடத்திய பாடம் தப்பு. அந்த நினைப்பு அவரைச் சுட்டது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு எண்ணெய்க் கப்பல் ஒன்று வந்தது. நல்ல கனம், பக்கத்தில் ஒரே ஒரு காவல் கப்பல். பெரிஸ்கோப்பில் விலா முழுக்கத் தெரிந்தது. பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அப்படி ஒரு நிலை.

"இப்ப சுடுங்க கேப்டன்," என்றார் ஸ்டான்டன்.

"இல்ல. தாண்டிப் போகட்டும்."

மனுஷனுக்குக் கடைசியில் மூளை கலங்கிவிட்டது என்றே பாதிப் பேர் நினைத்தார்கள். காவல் கப்பல் இவர்கள் பக்கம் திரும்புவதை ஹூப் சொன்னான். பென்ரோஸ் அசையவில்லை. எண்ணெய்க் கப்பல் கடந்து போய், டார்பிடோ போய் முட்டும் கோணம் நாற்பது டிகிரிக்குச் சாய்ந்தது. எந்த மாணவன் அங்கிருந்து சுட்டிருந்தாலும் அவரே பூஜ்யம் போட்டிருப்பார். அங்கிருந்து மூன்றையும் விட்டார்.

முதலாவது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது வெடித்தபோது ஹூப் கருவியைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டான்.

பிறகு நாலு மணி நேரம் காவல் கப்பல் தலைக்கு மேல் குண்டு போட்டுத் தீர்த்தது. விளக்குகள் உடைந்தன, தண்ணீர் கசிந்தது. அத்தனைக்கும் நடுவே பென்ரோஸ் சந்தோஷமாக இருந்தார். மூழ்கிய எண்ணெய்க் கப்பலிலும் ஆட்கள் இருந்தார்கள் என்பது பிற்பாடுதான் அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு வெறும் சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

பேர்ல் ஹார்பருக்கு வரும் வழியிலேயே, சுட்ட எட்டு டார்பிடோவின் கோணத்தையும் வரிசையாக எழுதி வயர்லெஸ்ஸில் அனுப்பிவிட்டார். தான் கற்பித்தது தவறு என்று அடியில் தானே சேர்த்த ஒரு வரி. மேலிடத்தில் மூன்று நாள் அமளி. நான்காம் நாள் எல்லா நீர்மூழ்கிகளுக்கும் உத்தரவு பறந்தது: நேராகச் சுடாதீர்கள், சாய்த்துச் சுடுங்கள்.

கிரேஃபின் துறைக்குள் நுழைந்தபோது வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. கரையில் மர்ரே கிளேட்டன் துணிப்பையோடு நின்றார். தன் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது என்றே பென்ரோஸ் நினைத்தார். ஆனாலும் நிமிர்ந்தே இறங்கினார்.

"உங்களுக்காகத் தயாரா இருக்கு," என்றார், கப்பலைக் காட்டி.

"இது உங்களோடதுதான் சார். எனக்கு வேற ஒண்ணு குடுத்துட்டாங்க, அரை மணியில கிளம்புறேன்." கிளேட்டன் பையைக் கீழே போட்டுவிட்டு, பள்ளி மாணவனைப் போல நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "நேராச் சுடணும்னு உங்ககிட்டதான் படிச்சேன். இப்ப கோணலாச் சுடக் கத்துக் குடுங்க."