கரைந்த கரி

ஆய்வகத்தில் அவரைப் புகைபோக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஹீலியம் நிரப்பிய கலத்துக்குள் இரண்டு கிராஃபைட் குச்சிகளுக்கு நடுவே மின்பொறி விட்டுக் கரி எடுப்பது அவர் வேலை. எடுத்த கரி கலத்தோடு நின்றதா? சுவரில் ஏறியது, கூரையில் ஏறியது. அவர் தும்மினால் எதிரே நின்றவருக்கு மீசை முளைத்தது. இதில் ஆண் பெண் பேதம் கிடையாது.

அந்தக் கரிக்குள் பந்து வடிவ மூலக்கூறு இருக்கிறது என்பது அவர் கட்சி. கால்பந்துத் தையலின் மூலைக்கு ஒன்றாக அறுபது கார்பன் அணுக்கள். பிரித்துக் காட்டத்தான் முடியவில்லை. ஆய்வகத் தலைவி அவருடைய சொந்த அக்கா. பொறுத்துப் பார்த்துவிட்டு, அறையைப் பக்கத்து அறைத் தராசுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

"மத்தியானத்துக்குள்ள கழுவிக் கொடுத்துடு, தம்பி."

"பந்து இருக்குக்கா."

"இருக்கட்டும். வெளியே போய் விளையாடு."

தராசுக்காரர் அதற்குள் வெள்ளைக் கோட்டோடு வந்து, சுவரில் சாய்ந்து, எங்கே மேசை போடலாம் என்று கனவு காண ஆரம்பித்தார்.

வழக்கமாகக் கழுவும் அசிட்டோன் தீர்ந்திருந்தது. புகைபோக்கி டொலுவீன் என்ற வேறொரு கரைப்பானை எடுத்துக் கலத்தில் ஊற்றிக் கழுவினார். போன தடவை கழிவுக்குழாயை அடைத்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதால், கழுவிய திரவத்தை வடிதாளில் வடிகட்டினார். கரி தாளில் நின்றது. கீழே இறங்கியது செக்கச்செவேலென்று இருந்தது.

"அக்கா!"

"எந்தச் சாயத்தைக் கலந்தே? கரி எங்கேயாவது கரையுமா?"

"சாதாரணக் கரி கரையாது. வெறும் அறுகோணமா ஒட்டிக்கிட்டே போனா, தரை ஓடு மாதிரி தட்டையாத்தான் போகும். ஓரத்துல ஒண்ணையொண்ணு பிடிச்சுத் தொங்கும். நடுநடுவே பன்னிரண்டு ஐங்கோணம் வந்தா வளைஞ்சு மூடிக்கும். அப்புறம் ஓரமே இல்லையே, எதைப் பிடிக்கும்? கரைஞ்சு வந்துடுச்சு."

அக்கா தம்பியை நம்புகிற ரகமில்லை. ஒரு துளியை உலர்த்தி, மூலக்கூறுகளை எடைபோடும் கருவியில் தானே வைத்தார். திரையில் எழுநூற்றிருபதில் ஒரு கோடு ஓங்கி நின்றது. கார்பன் ஒன்றுக்குப் பன்னிரண்டு, அறுபதுக்கு அதேதான். பக்கத்தில் குட்டியாக இன்னொரு கோடு.

"அது யாரு?"

"எழுபது அணுக்காரர். கொஞ்சம் நீள முகம்."

அக்கா தம்பியைத் தட்டிக்கொடுத்தார். அந்த ஆய்வகத்தில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

"சுவரை யாரும் துடைக்கக் கூடாது. சுரண்டி எடுங்க. அறை தம்பிக்குத்தான்."

முதுகெல்லாம் கரியாகத் தராசுக்காரர் நைசாக நழுவப் பார்த்தார்; அக்கா விடவில்லை.

"சார், நீங்க போகலாம். கோட்டைக் கழற்றி வெச்சுட்டுப் போங்க."

அந்தக் கோட்டிலிருந்து மட்டும் ஒரு சின்னக் குப்பி சிவப்பு இறங்கியது. உலர்த்தியதை, பாவம், தராசுக்காரரே எடைபோட்டுக் கொடுத்தார்.