சித்தி முயலுக்குப் படம் இல்லை

எங்கள் பதிப்பகத்தில் முயல்கள் அழுவதில்லை. கல்நெஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள், அழும் முயலுக்குப் படம் கிடையாது, அவ்வளவுதான். என் கம்ப்யூட்டரில் முயல்களுக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஓடும் முயல், தாவும் முயல், பல்லைக் காட்டும் முயல், தூங்கும் முயல். ஓவியர் ஒருவர் எப்போதோ வரைந்து கொடுத்தவை. எந்தக் கதை வந்தாலும் அவற்றையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பக்கம் அமைப்பது என் வேலை. கதைக்கும் படத்துக்கும் ஒட்டவில்லையென்றால் முதலாளியிடம் ஒரே பதில்தான். "படம் வரைய ஆள் தேடணும். வரியை மாத்த நீ இருக்கியேம்மா." குடை பிடித்த முயல் இல்லாத பாவத்துக்கு, மழையில் நடுங்க வேண்டிய முயலை நான் வெயில் காய வைத்திருக்கிறேன்.

அந்தக் கதைகளை எழுதியவள் என் அக்கா. தன் மகளுக்காக எழுதினாள். பெரிய கண்ணை உருட்டிக்கொண்டு பிறந்ததால் குழந்தையை நாங்கள் முட்டைக்கண்ணி என்போம். கதையில் வரும் குட்டி முயலுக்கும் அதே பெயர். வாயால் சொல்ல முடியாத எதையும் அக்கா புத்தகத்தில்தான் சொல்வாள். மாமா வேறொருத்தியோடு போனபோது, அப்பா முயல் வேறு வளைக்குக் குடிபோன கதை வந்தது. ஓடும் முயல் படம் அதற்கு நன்றாகவே கைகொடுத்தது. குழந்தை அதைப் படித்தாள், தேம்பித் தேம்பி அழுதாள், பிறகு ஒருநாளும் வாசலைப் பார்த்து உட்காரவில்லை. பால் பல் விழுந்தது, பள்ளி மாறியது, எல்லாம் அப்படிப் புத்தகத்தில் வந்த பிறகுதான் ஏற்றுக்கொண்டாள். நாங்கள் ஏதாவது சொன்னால் மட்டும், "புத்தகத்துல வந்துச்சா?" என்று மடக்கிவிடுவாள்.

நோயில் விழுந்த அக்காவுக்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னாள். "இதையும் புத்தகத்துலதான் சொல்லணும்டி. அவ முகத்தைப் பார்த்து என்னால முடியாது. நீ சொன்னா நம்ப மாட்டா."

அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கடைசிப் பக்கம் இப்படி இருந்தது: 'அம்மா முயல் செத்துப்போனாள். இனி எழுந்திருக்க மாட்டாள். முட்டைக்கண்ணி அழுதாள், மறுநாளும் அழுதாள். அப்போது சித்தி முயல் வந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.'

"என்னையும் இழுத்து விட்டுட்டியா?" என்றேன். சிரிக்கத்தான் பார்த்தேன்.

"பின்ன யாரு இருக்கா அவளுக்கு? ஒரு எழுத்து மாறக் கூடாது, பார்த்துக்கோ."

ஓவியரைத் தேடிப் பிடித்தேன். செத்த முயல் ஒன்று, சித்தி முயல் ஒன்று, இரண்டும் புதிதாக வரைந்து தருகிறேன் என்றார். முதலாளியிடம் கதையைக் கொடுத்து, படம் வரும் என்று சொல்லிவிட்டு லீவு போட்டேன். அக்காவைத் தூக்கி உட்கார வைக்கவே அப்போது ஆள் வேண்டியிருந்தது. பிறகு அவள் உட்காரவும் இல்லை, பேசவும் இல்லை. கண்ணை மூடியபடியே கிடந்தாள்.

அந்த நிலையில்தான் அச்சான புத்தகம் பார்சலில் வந்தது. குழந்தை எனக்கு முன்னால் பிரித்துவிட்டாள். நான் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நான் பயந்தே போயிட்டேன் சித்தி!"

வாங்கிப் பார்த்தேன். தூங்கும் முயல் படம். அதன் கீழே, 'அம்மா முயல் அசந்து தூங்கினாள். விடிந்தது. முகத்தில் வெளிச்சம் பட்டதும் கண் விழித்தாள்.' சித்தி முயல் எங்கேயும் இல்லை.

முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பதறிப்போனார். பாவம், நல்லது செய்ததாகவே நினைத்திருக்கிறார். "உங்க அக்கா கண்ணால பார்த்துடட்டுமேன்னுதாம்மா அவசர அவசரமா அச்சடிச்சேன். ஓவியர் படம் வரல. தூங்குற முயல்தான் இருந்துச்சு. படத்துல தூங்குது, வரியில செத்துடுச்சுன்னா பிள்ளைங்க குழம்பிடாதா? அதான் மாத்தினோம். நீ மாத்தாததா?"

போனை வைத்துவிட்டேன்.

குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். "அது தப்பா அச்சாயிடுச்சுடா கண்ணு. அம்மா எழுதினது வேற."

அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். "அம்மா பேர்தானே போட்டிருக்கு?"

"ஆமா, ஆனா..."

"அம்மா பொய் எழுத மாட்டாங்க." மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அம்மாவுக்கே அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டத் தொடங்கினாள். மருந்து கொடுக்கப் போனால், "உஷ், தூங்குறாங்க" என்று என்னை அதட்டுவாள்.

ஒரு காலையில், நான் வாய் துடைத்துவிட ஈரத்துணியோடு போனபோது, அக்காவுக்கு மூச்சில்லை. துணியைக் கையில் பிடித்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். சத்தம் கேட்டுக் குழந்தை வந்தாள், கையில் புத்தகம்.

"அம்மா செத்துட்டாங்கடா," என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "இனி எழுந்திருக்க மாட்டாங்க."

அவள் அழவில்லை. என்னைத் தாண்டிப் போய், நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு ஏறினாள். நான்தான் அக்காவின் கண் கூசக் கூடாது என்று திரையை இழுத்து மூடி வைத்திருந்தேன். அதை ஒரே இழுப்பாக விலக்கினாள். வெயில் கட்டிலில் விழுந்தது, அக்காவின் முகத்திலும் விழுந்தது.

"அம்மா, விடிஞ்சிடுச்சு."

காத்திருந்தாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்தித் திரையை முழுக்கத் தள்ளினாள். நான் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள். முட்டைக் கண்ணை உருட்டி, கோபமாக என்னைப் பார்த்தாள்.

"நீங்க பேசாதீங்க சித்தி. நீங்க புத்தகத்துலயே இல்ல."

பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, கடைசிப் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள்.