பைத்தியக்காரி வயல்

சவப்பெட்டியைத் தோளுக்கு ஏற்றியதும், அது இருந்த இரண்டு நாற்காலிகளையும் நூலா காலால் உதைத்துக் கவிழ்த்தாள். சாவு வீட்டு வழக்கம்தான். ஆனால் இத்தனை வேகமாக யாரும் உதைத்ததில்லை.

"ரோட்டு வழி வேண்டாம். அம்மா வயல் வழியா போங்க."

தம்பி மாட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னைக்கு ஒரு நாளாவது அந்தப் பேர ஊர் மறக்கட்டும்னு நான் இருக்கேன். நீ என்னடான்னா ஊர்வலமே கூட்டிட்டுப் போறியேக்கா!"

"மறக்கக் கூடாதுடா. நட."

ஊருக்கு அது பைத்தியக்காரி வயல். அப்பாவைக் கடல் கொண்டுபோன வருஷம், அம்மா ஓனோரா அந்தச் சரிவில் தனியாகக் கல் பொறுக்கினாள். கூடை கூடையாகக் கடற்பாசி சுமந்து உரமாகக் கொட்டினாள். பாறையில் கிழங்கு போடுகிறாளே என்று சிரித்து அந்தப் பேரை வைத்தவர் பக்கத்து வீட்டு ஃபெஸ்டி. உருளைக்கிழங்கு விளைந்தது, பிள்ளைகள் இரண்டும் பிழைத்தன. பேர் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் நூலாவையே பைத்தியக்காரி மகள் என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. நூலாவுக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

முன்பக்கம் தோள் கொடுத்திருந்த ஃபெஸ்டி முனகினார். "மழை பெஞ்சு வழுக்குதும்மா. எனக்கு முட்டி வேற சரியில்ல."

"எங்கம்மா கூடையோட ஏறினா. நாலு ஆம்பளைங்களால முடியாதா?"

ஏறினார்கள். நடு வயலில், "இறக்குங்க" என்றாள்.

பெட்டியை வழியில் இறக்கினால், ஊர் வழக்கப்படி சுமந்தவர்கள் ஆளுக்கொரு கல் வைக்காமல் நகரக் கூடாது. பிறகு அந்த இடம் செத்தவர் பேரில்தான் வழங்கும். அக்கா எதற்கு மல்லுக்கட்டினாள் என்று மாட்டிக்கு அப்போதுதான் புரிந்தது.

ஃபெஸ்டி குனிந்து தேடினார். "ஒரு கல்லக்கூடக் காணோமே!"

"எப்படி இருக்கும்? எங்கம்மா ஒண்ணு விட்டாளா? எல்லாம் அந்த வயலோரச் சுவர்ல இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க."

மாட்டி அழுதுகொண்டே ஓடிப்போய் முதல் கல்லைக் கொண்டுவந்தான். ஃபெஸ்டி நொண்டிக்கொண்டே போனார். சிறிய கல் எத்தனையோ இருக்க, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கும்படி ஒன்றைச் சுமந்துவந்து வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

அடக்கம் முடிந்து நூலா வீடு திரும்பியபோது, பக்கத்து வீட்டில் ஃபெஸ்டியின் மனைவி கத்திக்கொண்டிருந்தாள். "மாடு எங்கய்யா போச்சு?"

"ஓனோரா வயலுக்கு அந்தாண்ட மேயுது" என்றார் ஃபெஸ்டி.

நூலா கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளை நிமிர்த்தி, ஒன்றில் உட்கார்ந்தாள்.