கடைசி ஆள் தட்டினால்தான் வண்டி கிளம்பும்

1

ஆட்குறைப்பைப் பற்றிக் கோபமாக ஒரு கட்டுரை எழுதத்தான் அந்தத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். ஓட்டுநர் வண்டியின் முகப்பைத் துடைத்தபடியே, "எழுதுங்க, ஆனா அழுமூஞ்சியா எழுதாதீங்க. பாதி ஆளுதான் போயிருக்கு, சிரிப்பு போகல" என்றார். கட்டுரை அங்கேயே காலாவதியாகிக் கதையாகிவிட்டது.

முதல் வரி: சிக்கனம் என்னும் கூரிய கத்தியால் அரசு...

(வேண்டாம். கத்தி வந்தால் ரத்தமும் வரும்.)

2

மறுபடி தொடங்குகிறேன்.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம். மணி அடித்து எல்லோரும் வண்டியில் தொற்றியதும், கடைசியாக ஏறுகிறவர் வண்டியின் பின்தகட்டில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டு கேட்டால்தான் ஓட்டுநர் வண்டியை எடுப்பார். காலங்காலமாகத் தட்டியவர், தீயில் தண்ணீர்க்குழாயைப் பிடிக்கும் குழாய்க்காரர். ஓட்டுநரின் தங்கையைக் கட்டியவர். வாய்க்குப் பூட்டே இல்லாதவர். ஆட்குறைப்பில் முதலில் போனது அவர் வேலைதான். இப்போது எதிர்வரிசையில் சைக்கிள் பழுது பார்க்கிறார்.

(இவரைச் சோகமானவராக்க எவ்வளவோ முயன்றேன். மசியவில்லை. "மச்சான், உன் வண்டிக்கும் காத்து அடிக்கணுமா?" என்று தினமும் காலையில் கத்துகிறார்.)

3

சலவைக்கடையில் புகை. மாடியில், பிள்ளை பெற்று வீடு திரும்பிய பெண்ணும் கைக்குழந்தையும். மணி அடித்ததும் ஓட்டுநரும் மிச்சமிருந்த ஒரே வீரரும் பாய்ந்து ஏறினார்கள். இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை.

"ஏண்ணே நிக்கிறீங்க?"

"இன்னும் தட்டலையேப்பா."

"யாரு தட்டுறது? நீங்க இங்க, நான் இங்க. பேயா வந்து தட்டும்?"

ஓட்டுநரின் மூளைக்குப் புரிந்துவிட்டது. காலுக்குத்தான் புரியவில்லை, பிரேக்கை விட்டு அசைய மறுத்தது.

தட். தட்.

"கெளம்பு மச்சான்! செலையாட்டம் உக்காந்திருக்க!" கிரீஸ் படிந்த கையோடு குழாய்க்காரர் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தார்.

4

ஒருவர் பம்பைப் பார்க்க, ஒருவர் குழாயைப் பிடிக்க, ஒருவர் படியேறித் தாயையும் பிள்ளையையும் இறக்கிவந்தார். குழந்தை கடைசிவரை தூங்கியது.

இங்கேயே முற்றும் போட ஆசைதான். ஆனால் வேலையில் இல்லாதவரை வண்டியில் ஏற்றினால் ஓட்டுநரின் வேலைக்கே ஆபத்து, விதி அப்படி. மறுநாள் மேலதிகாரி வந்து கேட்டார்: "எத்தனை பேர் போனீங்க?"

முடிவு ஒன்று: "ரெண்டு பேருங்க" என்று சொல்லி ஓட்டுநர் தப்பிக்கிறார். (கும்பிட்டுவிட்டு வண்டியைத் தொடுகிற மனிதர். அவர் வாயில் பொய்யை ஊட்ட நான் யார்?)

முடிவு இரண்டு: அதிகாரி கண்கலங்கி, குழாய்க்காரரை அன்றே மறுபடி வேலையில்... (நானே நம்பாததை உங்கள் தலையில் கட்டுவது பாவம்.)

5

ஆகவே ஓட்டுநர் உண்மையைச் சொல்கிறார்.

"மூணு பேருங்கய்யா. மூணாவது ஆளு வேலையில இல்லாதவரு. தெரிஞ்சேதான் ஏத்திட்டுப் போனேன். ரெண்டு பேரா போயிருந்தா, கீழ நின்னு அண்ணாந்துதான் பாத்திருப்போம்."

வாசலிலிருந்து குழாய்க்காரர் எட்டிப் பார்க்கிறார். "சம்பளம் கேக்க மாட்டேங்கய்யா, பயப்படாதீங்க!"

அதிகாரி சிரித்தாரா, முறைத்தாரா? எனக்குத் தெரியாது, அந்த ஒரு கேள்வியைத் தவிர அந்த ஆளை நான் எழுதவே இல்லை. அவர் நாற்காலியைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். எல்லோர் நெஞ்சிலும் கடவுள் கொஞ்சம் ஈரம் வைத்துத்தான் அனுப்புகிறார் என்பது என் நம்பிக்கை. வாருங்கள், நீங்கள் உட்காருங்கள். தீர்ப்பை நிதானமாக யோசிக்கலாம். அதற்கு முன்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறாரே ஓட்டுநர், அவரையும் உட்காரச் சொல்லுங்களேன்.