ஏழு சித்தி பெண்கள்

சீனாவின் செங்டு நகரத் தேநீர்க்கடையின் மாடியறையில், குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று மூன்றாவது ஞாயிறாகச் சண்டை. பெண்ணை விரும்பும் பெண்களுக்கு 'லாலா' என்ற செல்லச் சொல்லே போதும் என்றது ஒரு கட்சி. 'தோழர்' என்றால்தான் கம்பீரம் என்றது இன்னொன்று. அது ஆணை விரும்பும் ஆண்கள் எடுத்துக்கொண்ட சொல், நமக்கு வேண்டாம் என்று மூன்றாவது கட்சி முறுக்கிக்கொண்டது. கூட்டத்தைக் கூட்டிய ஷுவாங்குக்கு மண்டை காய்ந்தது.

"எந்தப் பேரா இருந்தாலும் நாலு பேர் முன்னாடி தைரியமா சொல்லணும், அவ்வளவுதான்!" என்று மேசையைத் தட்டினாள்.

அவளுடைய காதலி லிங்ஃபெய் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வயிறு ரொம்ப வலிக்குது. கிளம்பலாமா?"

"இருடி, ஓட்டெடுப்பு முடியட்டும். கூட்டம்னாலே உனக்கு ஏதாவது வந்துடும்."

ஓட்டெடுப்பு முடியவில்லை. லிங்ஃபெய் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள்.

மருத்துவமனையில் நர்ஸ், "இவங்களுக்கு நீங்கல்லாம் என்ன வேணும்?" என்றாள். அதுவரை தொண்டை கிழியக் கத்தியவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். பிறகு பட்டாணி என்று எல்லாரும் அழைக்கும் பெண், பழக்கதோஷத்தில், "சித்தி பொண்ணு" என்றாள். கூட வாழும் காதலியைப் பற்றி வீட்டு உரிமையாளரிடமும் அலுவலகத்திலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பொய். உடனே மற்றவர்களும், "நானும் சித்தி பொண்ணுதான்," "நானும்" என்று அடுக்கினார்கள்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுக்கு ஒரு பிள்ளைன்னு சட்டம் போட்ட ஊர்ல, இவளுக்கு மட்டும் ஏழு சித்தி பொண்ணா? ஆளைப் பாரு!"

டாக்டர் சிரிக்கவில்லை. குடல்வால் வெடித்திருந்தது. லெஷான் ஊரில் இருக்கும் லிங்ஃபெய்யின் அம்மா வந்து சேரும்வரை தாங்காது, அவர் போனில் யாரிடமாவது பொறுப்பை ஒப்படைத்தால் அந்த ஆளின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அறுவைசிகிச்சையைத் தொடங்கிவிடலாம் என்றார். போன் ஷுவாங்கின் கைக்கு வந்தது.

"நீ யாரும்மா?"

மேசையைத் தட்டியவள் குரலைத் தாழ்த்தினாள். "கூட ரூம்ல தங்கியிருக்கேன், ஆன்ட்டி."

"ரூம்ல தங்குறவளை நம்பி எம்பொண்ணு வயித்தைக் கிழிக்கச் சொல்றதா? நானே வரேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

பின்னால் சித்தி பெண்கள் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். "'லாலா'ன்னு சொல்லு." "அந்தம்மாவுக்கு என்ன புரியும், 'தோழர்'னு சொல்லு."

"வாயை மூடித் தொலைங்கடி!" என்று ஷுவாங் அலறினாள். "உங்களை இல்ல, ஆன்ட்டி. நானும் அவளும்... புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒண்ணா வாழுறோம். நாலு வருஷமா."

ஷுவாங் சுவரில் சாய்ந்துகொண்டாள். எல்லாம் போயிற்று, லிங்ஃபெய்யும் போய்விடுவாள் என்று அழுகை முட்டியது.

"நாலு வருஷம் கூட இருந்தவளுக்கு, குடல் வெடிக்கிறவரைக்கும் எம்பொண்ணுக்கு வயித்துவலின்னு தெரியலையா?"

"தெரியும் ஆன்ட்டி. சொன்னா. நான்தான் இருடின்னேன்."

"மூதேவி," என்றாள் அம்மா. "டாக்டர்கிட்ட போனைக் குடு. நீயே கையெழுத்துப் போடு."