உப்பு கரிக்கும் புல்

பெருந்துறைப் பக்கம், சாயத்தண்ணீர் தேங்கி வெளுத்துப்போன அந்த நிலத்தில் ஒரு காட்டுப்புல் மட்டும் தழைத்தது. வேர் தடுத்தது போக உள்ளே நுழைந்த உப்பை இலைவழியே வெளியே தள்ளிவிடும். விடிகாலையில் தாளெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதிலும் நன்றாகத் தாங்கிய தூர்களாகத் தேர்ந்து, பருவத்துக்குப் பருவம் விதையெடுத்து விதைத்து வந்தாள் ஆய்வு மாணவி அன்புச்செல்வி. கையிருப்பு விதை மொத்தமும் அந்த நிலத்திலேயே போட்ட இந்தப் பாத்தியில்தான். கதிர் முற்றிவிட்டது. அறுத்தால் அவளுடைய ஆய்வு கரையேறிவிடும்.

அந்தப் புல்லைச் சிறப்பு விருந்தினருக்குக் காட்ட அவளுடைய துறை ஏற்பாடு செய்த விழா நாள் காலை வந்து பார்த்தால், பாத்தியில் கோயமுத்தூர் நர்சரியிலிருந்து சுருட்டி வந்து விரித்த புல்தரை.

“ஏனுங்க சார், இங்கிருந்த புல்லு?”

“களைதானம்மா? சிறப்பு விருந்தினர் வர்ற எடம் காடாக் கெடந்துச்சு. நேத்தே புடுங்கச் சொல்லிட்டேன்” என்றார் பேராசிரியர் கதிரேசன். அந்தப் புல்லைப் பற்றிய கட்டுரைகளில் முதல் பெயர் அவருடையது.

“சார், அதுதானுங்க நம்ம புல்லு.”

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. “மெதுவாப் பேசும்மா. மேளம் கேக்குது, வந்துட்டாங்க.”

சிறப்பு விருந்தினர் குனிந்து, விரித்த புல்லில் ஒரு தாளைக் கிள்ளி நாக்கில் வைத்தார். கையில் கொடுத்த குறிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது.

“அடேங்கப்பா! என்னமாக் கரிக்குது!”

துறையே குனிந்து மென்றது. “நல்லாக் கரிக்குதுங்க” என்று தலையாட்டியது.

அன்புச்செல்வி நேரே களை பிடுங்கிய ராமாத்தாள் வீட்டுக்கு ஓடினாள்.

“புடுங்குன புல்லு எங்கீங்க?”

“மாட்டுக்குப் போட்டுட்டனுங்க அம்மணி. தீவனத்தை வீசிப்போட மனசு வருமுங்களா? உப்புருசிக்கு ராத்திரியே தின்னுபோட்டுது.”

கட்டுத்தரையில் ஒரு தாள்கூட மிச்சமில்லை. மாடு அமைதியாக அசைபோட்டது. விஷயத்தைக் கேட்டதும் ராமாத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “களைதானுங்களான்னு கேட்டனுங்க. ஐயா ஆமான்னாருங்க.”

முற்றிய விதையில் கொஞ்சமாவது செரிக்காமல் வெளியே வரும். அன்புச்செல்வி மாட்டின் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரு சட்டி குடுங்க.”

செல்போன் அடித்தது. “எங்கம்மா போயிட்ட? குரூப் போட்டோ எடுக்கறாங்க!”

“விதைக்குக் காத்திருக்கேனுங்க சார்.”

“அப்படியா! கெடைச்சதும் விருந்தினருக்கு ஒரு பொட்டலம் கட்டிரு.”

மாடு வாலைத் தூக்கியது. அன்புச்செல்வி சட்டியோடு எழுந்தாள்.