நீவெஸ் கேட்ட குரல்

எர்மெஸுக்கு மனைவியின் குரல் மறந்துகொண்டிருந்தது.

முகம் மறக்கவில்லை. கை மறக்கவில்லை. தக்காளி நறுக்கும்போது நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொள்வாள், அதுகூட அப்படியே இருந்தது. குரல் மட்டும் நழுவியது. இத்தனைக்கும் அது பட்டறையிலேயே பதிவாகி இருந்தது. காலையில் வந்ததும், அவளும் அவனுமாகச் சேர்ந்து சரிசெய்த முதல் ஜோடி ஸ்பீக்கர்களில் அதைப் போடுவான். கேட்கக் கேட்க, இது அவள் இல்லை என்று தோன்றும். நல்ல குரல்தான். கதகதப்பான குரல். ஆனால் அடுக்களையிலிருந்து அவனைக் கூப்பிட்ட குரல் இது இல்லை. பதிவு மாறாது. பெட்டியும் மாறாது. மாறியது தன் நினைவுதான் என்று முடிவு கட்டியிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி நீவெஸ் ஓபரா தியேட்டரில் கோரஸ் பாடியவள். போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனாள். வயது முப்பத்து நான்கு.

இத்தாலியில் ரெஜ்ஜோ நகருக்கு வெளியே, ஒரு காலத்தில் சீஸ் உருண்டைகள் அடுக்கியிருந்த கிடங்குதான் பட்டறை. ஸ்பீக்கரின் மரப்பெட்டி செய்வது கூட்டாளி லேயார்கோ. உள்ளே இருப்பதெல்லாம் எர்மெஸின் வேலை. ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கம். நீவெஸ் பாடாமல் எந்த ஜோடியும் வெளியே போகாது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்று, மேடை ஏறுமுன் குரலைப் பழக்கப் பாடும் ஏறுவரிசையைப் பாடுவாள். பிறகு அதே வரிசையின் பதிவைப் போடுவார்கள். கண்ணை மூடிக் கேட்பாள்.

"ஒல்லியா இருக்கு," என்பாள்.

எர்மெஸ் செப்புச் சுருளில் இன்னும் கொஞ்சம் கம்பி சுற்றுவான். சுருள் பருத்தால் மேல் ஒலி அடங்கிக் கீழ் ஒலி தடிக்கும். அவள் தலையாட்டும்வரை சுற்றுவான். அளக்கும் மைக்கை வைத்தால் திரையில் கோடு ஓரிடத்தில் ஒட்டகத் திமில் மாதிரி எழும்பும். போலோன்யாவில் படித்த இன்ஜினியர் அவன், அதைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்க வேண்டும். பாடகியே பக்கத்தில் நின்று சரி என்கிறாள். கோட்டை யார் நம்புவார்கள்? வாங்கியவர்களும் அந்தக் கதகதப்பைத்தான் கொண்டாடினார்கள்.

இப்போது தியேட்டரே தன் கோரஸ் ஒத்திகை அறைக்கு ஒரு ஜோடி கேட்டிருந்தது. பழைய அளவுப்படியே எர்மெஸ் சுற்றி முடித்துவிட்டான். பாடத்தான் ஆள் இல்லை. லேயார்கோ அவனைக் கேட்காமலே ஒரு சனிக்கிழமை காலை லோரெதானாவைக் கூட்டி வந்தான். கோரஸில் நீவெஸின் பக்கத்தில் நின்று பாடியவள்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கடவுளே! இந்தத் துணிய எவன் போட்டான்?"

புதுப் பெட்டிகளின் முகத்தில் ஊதாத் துணி இழுத்துக் கட்டியிருந்தது.

"நான்தான். ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றான் லேயார்கோ.

"ஊதா! தியேட்டருக்குள்ள ஊதான்னா அபசகுனம்! உனக்கு மூளைய மரத்தூள்ல செஞ்சாங்களா? கோரஸ்ல ஒருத்தன் அந்த ரூமுக்குள்ள கால் வெக்க மாட்டான்."

"எங்க வீட்டுக்காரி எடுத்துக் குடுத்த கலரு."

"அவளுக்கே பாவாடை தெச்சுக் குடு. மொதல்ல கழட்டு!"

லேயார்கோ முனகிக்கொண்டே கழற்றினான். லோரெதானா ஒரு பொட்டலத்தை எர்மெஸின் கையில் திணித்தாள்.

"எர்பட்ஸோனே. கீரை நெறைய, சீஸ் அதவிட நெறைய. சாப்பிட்டியான்னு கேக்க மாட்டேன், மூஞ்சியிலயே தெரியுது. தின்னு."

"அப்புறம். மொதல்ல கேளு."

பதிவைப் போட்டான். நீவெஸின் குரல் படிப்படியாக ஏறியது, உச்சியில் நின்றது, இறங்கியது. ஒரு சின்ன இருமல். பிறகு, "போதுமா எர்மெஸ்? பசிக்குது," என்று அவள் சொல்வது கேட்டது. அதோடு பதிவு முடிந்தது.

லோரெதானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"ஏன்?"

"இது நீவெஸ் இல்ல."

எர்மெஸின் விரல் பொத்தான் மேலேயே நின்றது.

"கோச்சுக்காத. ஏழெட்டு வருஷம் என் காதுக்குள்ள பாடினவ. எலுமிச்சம்பழம் புழிஞ்ச மாதிரி சுளீர்னு இருக்கும் அவ குரல். இது அந்தப் பழத்துக்குக் கம்பளி போத்தின மாதிரி இருக்கு."

"ஒவ்வொரு ஜோடிக்கும் அவளேதான் சரின்னு சொன்னா," என்றான் லேயார்கோ.

"சொல்லியிருக்கட்டும். இது அவ இல்ல."

எர்மெஸ் முக்காலியில் உட்கார்ந்தான். சுளீர். அவன் தேடித் தேடிக் கிடைக்காத சொல். அடுக்களையிலிருந்து வந்த குரல் அப்படித்தான் இருந்தது. அப்படியானால் அவன் மறக்கவில்லை. ஒரு வருடமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது சற்று நகர்ந்து இடம் விட்டது.

ஆனால் நீவெஸின் காது லேசுப்பட்டதா? கோரஸில் யாராவது அரை மயிரிழை பிசகினாலும் திரும்பிப் பார்ப்பவள். அவள் எப்படி இதற்குத் தலையாட்டினாள்?

"லோரெதானா, அவ நின்ன எடத்துல நின்னு நீ பாடு."

பாடினாள். அவன் பதிவு செய்து அதே பெட்டிகளில் போட்டான். அவள் முகம் மலர்ந்தது.

"ஆ! இது நான்தான். அச்சு அசல். எப்பவும் பதிவுல என் குரல் தகர டப்பா மாதிரி இருக்கும், எனக்கே புடிக்காது. இதுதான் நெசமான நான்."

"நீயா?" லேயார்கோ காதைக் குடைந்தான். "உன்னக் கெணத்துக்குள்ள எறக்கிவிட்ட மாதிரி இருக்கு."

"உன் காதுலயும் மரத்தூள்."

"எர்மெஸ், நீயே சொல்லு."

எர்மெஸ் எழுந்து அவளிடம் வந்தான். "ரெண்டு காதையும் நல்லாப் பொத்திக்க. பொத்திட்டுப் பாடு."

பாதி வரிசையிலேயே அவள் நிறுத்திவிட்டாள். கைகளை எடுக்கவில்லை. "இதேதான்," என்றாள் மெதுவாக. "பெட்டியில வந்ததுக்குப் பக்கத்துல இருக்கு."

பாடுகிறவருக்குத் தன் குரல் காற்று வழியாக மட்டும் வருவதில்லை. மண்டையெலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு கீழ் ஒலியைக் கூட்டிக் கொடுக்கும். கல்லூரியில் முதல் வருடப் பாடம். நடுவில் நின்று பாடியது மனைவி என்பதால் அவனுக்குப் பாடம் ஞாபகம் வரவில்லை. அவள் குரலை அவளையே வைத்துச் சரிபார்த்திருக்கிறான். நீவெஸைத் தவிர வேறு யாரும் கேட்டிராத நீவெஸின் குரலை, அவள் சொல்லச் சொல்ல, செப்புக் கம்பியில் சுற்றி வைத்திருக்கிறான்.

"கோரஸுக்கு இது ஆகாதுடா," என்றாள் லோரெதானா. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "வெளிய எப்படிக் கேக்குதுன்னுதான் எங்களுக்குத் தெரியணும். தலைக்குள்ள கேக்குறது எங்களுக்கே தெரியும்."

"ம்."

புதுப் பெட்டியின் முதுகைத் திறந்தான். சுருளைக் கழற்றி எடுத்தான். கம்பியின் நுனியைப் பிடித்தான். இது அவள் சொன்ன அளவு. பிரிக்க ஆரம்பித்தான். கம்பி வளையம் வளையமாகத் தரையில் விழுந்தது.

"எவ்வளவு கழட்டணும்?" என்றான் லேயார்கோ.

"அவ வர்ற வரைக்கும்."

பிரித்தான், பூட்டினான், போட்டான். லோரெதானா தலையை ஆட்டினாள்: இல்லை. மறுபடியும் பிரித்தான். கம்பளி ஒவ்வொரு நூலாக உரிந்தது. திரையில் திமில் கரைவதை அவன் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு முறை, ஏறுவரிசை கூரையைத் தொட்டுத் திரும்பியது. இருமல். பிறகு:

"போதுமா எர்மெஸ்? பசிக்குது."

எர்மெஸ் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டான். லேயார்கோவும் பார்த்தான்.

"இவதான்," என்றாள் லோரெதானா.

எர்மெஸ் மேசையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தான். எர்பட்ஸோனே ஆறிப்போயிருந்தது. நின்றபடியே முழுவதையும் தின்றான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை. மற்ற இருவரும் சன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து லேயார்கோ மூலையிலிருந்த முதல் ஜோடியைக் காட்டினான்.

"அப்போ அதயும் கழட்டிடலாமா?"

"தொடாத."

"அது தப்புன்னு இப்பதானே..."

"தப்புதான். வீட்டுக்குக் கொண்டுபோறேன்." எர்மெஸ் பெட்டியின் தலையில் கை வைத்தான். "அவ அவளக் கேட்டது இதுலதான் இருக்கு. ஒரு பக்கம் புடி."

"வெளிய ஒரே ஈரம். மரம் ஊறிடும்."

லோரெதானா தரையில் கிடந்த ஊதாத் துணியை எடுத்து உதறினாள். பெட்டியைச் சுற்றிப் போர்த்தி, குழந்தைக்குக் கட்டுவதுபோல் கழுத்தருகே முடிச்சுப் போட்டாள்.

"வீட்டுக்குன்னா பரவாயில்ல," என்று கதவைத் திறந்துவிட்டாள்.